தாய்மாமன் தலை

மச்சினன் தலை மூன்றாவது தடவையும் கழுத்தில் உட்காரவில்லை.

பலவேசம் நெல் மூட்டைகளுக்கு நடுவே குத்தவைத்து, செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினான். அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை ஒன்றில் மூட்டை சுமக்கிறவன் அவன். எவ்வளவு கனத்த மூட்டையையும் ஒரு தம்மில் முதுகில் ஏற்றிவிடுவான். இந்த ஒற்றைத் தலையை ஏற்றத்தான் முடியவில்லை. விரலால் இழுத்தால் பூசணிக்காய் ஆனது. சுருக்கினால் எலுமிச்சம்பழம் ஆனது.

படம் பழசு. மூத்தவள் சுகன்யாவுக்குக் காது குத்தியபோது அவனே எடுத்தது. போட்டோ எடுப்பதில் அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஆற்றில் கிடக்கிற எருமையைக்கூட நாலு பக்கமும் சுற்றிவந்து எடுப்பான். அன்று சாஸ்தா கோயிலில் சொந்தக்காரர்கள் குனிந்து மொய்த்து நின்றார்கள். பிள்ளை அழுவதைப் பார்க்கமாட்டாமல் மாரித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பலவேசம் கூட்டத்துக்குள் கையை நுழைத்து, போனில் தெரிந்த காதை மட்டுமே பார்த்து எடுத்தான்.

காது பிரமாதமாக வந்திருந்தது. ஊசி நுனிகூட மினுங்கியது. ஆனால் பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்மாமனுக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்தத் தாய்மாமன் பூதலிங்கம், மாரித்தாயின் அண்ணன். ஏரலில் வாழை இலை வியாபாரம் செய்கிறார். "அத்தனை பேரு முன்னால மடி குடுத்தேன், என் தலைய வெட்டிப்புட்டான்" என்று கோபித்துக்கொண்டு போனவர், ஒன்பது வருசமாகப் பலவேசத்தோடு பேசவில்லை. தங்கைக்குப் பொங்கல்படி மட்டும் அவருடைய வேன் டிரைவர் சல்மான் ஃபாரிஸ் கையில் வந்துவிடும்.

இப்போது சின்னவன் இசக்கிதுரைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? பூதலிங்கத்தின் மனைவி தனலட்சுமி போனில் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, அவுஹ ஒரே பிடியா நிக்காவ. தலை இல்லாத மாமனுக்கு அங்கன என்ன சோலின்னு கேக்காவ. மொதல்ல அந்தப் போட்டாவுல தலை வரட்டும், பொறவு பாப்போம்ங்காவ."

"எடுத்த படத்துல தலைக்கு எங்க போவ?" என்றான் பலவேசம்.

மாரித்தாய் விடவில்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க அண்ணன் மடியில வச்சுத்தான் என் பிள்ளைக்குக் காது குத்தணும். வெட்டினவுஹதான் ஒட்டணும்."

ஒட்டியே தீருவது என்று அன்று முடிவு செய்தான்.

முதலில் ரேசன் கார்டில் இருந்த தலையை எடுத்தான். போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி முறைத்தது. அடுத்து தன் கல்யாண ஆல்பத்தைப் பிரித்து, பந்தியில் உட்கார்ந்திருந்த மச்சினனைப் போனில் பிடித்து, தலையை மட்டும் கத்தரித்து ஒட்டினான். மாரித்தாய் வாங்கிப் பார்த்தாள்.

"பிள்ள கதறுது. மாமன் வடை திங்கானா?"

"வடைய அழிச்சிருதேன்."

வடையை அழித்தான். வடையோடு மீசையில் பாதியும் போயிற்று. போன மீசையைக் கொண்டுவரப் புதிதாக ஒரு ஆப்பை இறக்கினான். அது மீசையை விட்டுவிட்டுப் பிள்ளைக்குத் தாடி வைத்தது.

"பழைய தலையெல்லாம் சரிப்படாது. புதுத் தலை ஒண்ணு வேணும்" என்று தனலட்சுமிக்குப் போன் போட்டான். "நேரா, அசையாம இருக்கணும்மா. அவுஹளுக்குத் தெரியாம எடு."

அசையாமல் பூதலிங்கம் இருப்பது மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கும்போதுதான். தனலட்சுமி கட்டில்மேல் ஏறி நின்று எடுத்து அனுப்பினாள். முகம் நேராக, அமைதியாக, அம்சமாக இருந்தது. கண் மட்டும் மூடியிருந்தது. கண்ணை அப்புறம் திறந்துகொள்ளலாம் என்று பலவேசம் தலையைக் கழுத்தில் வைத்தான். அளவு கச்சிதம். ஆனால் நிறம் இடித்தது. தலை கறுப்பு, கை சிவப்பு. தலையை வெளுத்தால் மாவு பூசின மாதிரி இருந்தது. கையைக் கறுக்க வைத்தால் பிள்ளையும் சேர்ந்து கறுத்தது.

"மொத்தத்தையும் கறுப்பு வெள்ளையா ஆக்கிட்டா?" என்று அவனுக்கே தோன்றியது. ஆக்கினான். பேதம் மறைந்தது. நல்ல காரியத்துக்கான படமாச்சே என்று சுற்றிலும் மல்லிகைப் பூ பார்டர் போட்டான். முகம் சரியாக இருக்கிறதா என்று தனலட்சுமி பார்க்கட்டும் என்று, பார்டருக்குள் முகம் மட்டும் பெரிதாகத் தெரியும்படி வெட்டி அனுப்பிவிட்டு மூட்டை சுமக்கப் போனான்.

ஒரு லாரி இறக்கிவிட்டு வந்து போனை எடுத்துப் பார்த்தான். படம் தனலட்சுமிக்குப் போகவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குரூப்புக்குப் போயிருந்தது.

மூடிய கண், கறுப்பு வெள்ளை, சுற்றிலும் மல்லிகைப் பூ.

சாத்தான்குளத்து அத்தை கும்பிடுகிற கையாக வரிசையாகப் போட்டிருந்தாள். யாரோ மெழுகுவத்தி போட்டிருந்தார்கள். "நல்ல மனுசன், தங்கமான கை" என்று அவரிடம் ஒரு இலைகூடச் சும்மா வாங்கியிராத ஒருவர் எழுதியிருந்தார். பலவேசம் படத்தை அழித்தான். அழித்ததும், "வீட்டுக்காரங்க மனசு தாங்காம படத்தை எடுத்துட்டாங்க" என்று அதற்கும் அழுகை பொம்மை விழுந்தது.

ஏரலில் பூதலிங்கத்தின் போன் அடித்தது.

"ஏ, பூதலிங்கம் அண்ணாச்சிய எப்ப எடுக்காவ?" என்றது எதிர்முனை.

"எடுக்கதா? எங்க எடுக்கது?"

"ராத்திரி வச்சிருப்பாவளா, இன்னைக்கே எடுத்துருவாவளா?"

"ஏலே, நாந்தாம்லே பூதலிங்கம்!"

"அண்ணாச்சி, விளையாடாதிய. ஆரு, மகனா பேசுதிய? கொரல் அப்பா மாதிரியே இருக்கு."

அதற்குள் சாத்தான்குளத்திலிருந்து ஒரு வேன் நிறையத் துட்டி கேட்க வந்து இறங்கிவிட்டார்கள். தெரு முனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்த அத்தை, வாசலில் பல் குத்திக்கொண்டு நின்ற பூதலிங்கத்தைக் கண்டு, எடுத்த ராகத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றாள். கொண்டுவந்த ரோஜா மாலையை என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் அவர் கழுத்திலேயே போட்டார்கள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பலவேசம் ஏரலுக்குப் பஸ் ஏறினான். திட்டினால் வாங்கிக்கொள்வது, அடித்தால் பட்டுக்கொள்வது, ஆனால் தலை இல்லாமல் திரும்புவதில்லை.

கடை வாசலில் சல்மான் ஃபாரிஸ் இலைக் கட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். உள்ளே பூதலிங்கம் ஒன்பது வருசத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"வாரும் மாப்ள. அன்னைக்குத் தலைய மட்டும் வெட்டினீரு. நேத்து ஆளையே அனுப்பி வச்சிட்டீருல்லா?"

"மச்சான், தப்புதான். அங்கன வெளிச்சத்துல ஒரு நிமிசம் உக்காருங்க. உங்க தலைய முழுசா எடுத்துக்கிடுதேன்."

"அதெல்லாம் ஒட்டாதுவே. விட்டுரும்."

"நான் ஒட்டுவேன் மச்சான்."

"பழைய படம். ஏன் மெனக்கெடுதீரு? நீரு பாட்டுக்கு வேற யாரையாவது மடி குடுக்கச் சொல்லி..."

"நீங்க இல்லாம என் பிள்ளைக்குக் காது குத்துனா மாரித்தாய் என்னைய வீட்டுக்குள்ள விடுவாளா?"

பூதலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தார். மச்சினனுக்கு மனசு இளகுகிறது என்று நினைத்துப் பலவேசம் தலையைப் படம் பிடித்துக்கொண்டு, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான்.

"கை மட்டும் நல்ல சிவப்பா விழுந்திருக்கு மச்சான். ஒல்லியாவும் இருக்கு."

"அப்ப நான் சிவப்புதாம்வே. ஒல்லிதான். வெயில்ல அலைஞ்சு இப்படி ஆயிட்டேன்."

இலைக் கட்டோடு எட்டிப் பார்த்த சல்மான் ஃபாரிஸ் 'களுக்' என்று சிரித்தான்.

"போய் லோடப் பாருலே!" என்று பூதலிங்கம் சத்தம் போட்டார்.

அந்த வாரம் முழுக்கப் பலவேசம் அதே வேலையாக இருந்தான். சாயங்கால வெயில் மாதிரி ஒரு மஞ்சள் நிறத்தைப் படம் முழுக்கப் பூசினான். தலை, கை, பிள்ளை எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்தன. படம் ஏரலுக்குப் போனது.

"சிரிக்கலையே" என்று பதில் வந்தது. சிரிக்க வைத்தான்.

"பல்லு தெரியுது." பல்லை மூடினான்.

"முடி வெள்ளையா இருக்கு, அன்னைக்குக் கறுப்பு." கறுக்க வைத்தான்.

"காதுல முடி இருந்துச்சு." ஒவ்வொரு முடியாக வரைந்தான்.

அதற்குமேல் ஏரலிலிருந்து ஒன்றும் வரவில்லை. பலவேசம் படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினான். மாரித்தாய் அதன் முன்னால் நின்று மூக்கைச் சிந்தினாள். "எங்கண்ணன் அப்படியே இருக்கான்" என்று திரும்பிச் சிரித்தாள். கட்டிக்கொண்டு வந்த இத்தனை வருசத்தில் புருசனைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்தது இல்லை.

அன்றைக்குத் தனலட்சுமி போன் செய்தாள். "கேக்கதுக்கு இனி ஒண்ணுமில்ல அண்ணே. வாரோம். ஆனா அவுஹதான் ஒரு மாதிரியா இருக்காவ. சோறு எறங்கல."

"எல்லாம் பாசந்தாம்மா" என்றான் பலவேசம்.

காது குத்துகிற நாளில் பூதலிங்கம் தாம்பாளமும் கடுக்கனும் பட்டு வேட்டியுமாக வந்து இறங்கினார். சல்மான் ஃபாரிஸ் வேனை ஆற்றங்கரை மருத மரத்து நிழலில் நிறுத்தினான். கோயில் முன்னால் பாய் விரித்து, பூதலிங்கத்தை உட்காரவைத்து, இசக்கிதுரையை மடியில் கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் வழக்கம்போலக் குனிந்து மொய்த்தார்கள்.

"விலகுங்க, விலகுங்க! தலைய மறைக்காதிய!" என்று பலவேசம் கத்தினான். பொங்கல் அண்டா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றிருந்தான். இந்தத் தடவை காது போனாலும் போகட்டும், தலை போகக் கூடாது.

"மாப்ள, ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துருதேன்" என்று பூதலிங்கம் எழப் பார்த்தார்.

"அசையாதிய மச்சான்! படம் அம்சமா இருக்கு!"

"தண்ணியாவது..."

"குத்தி முடிச்சிட்டுக் குடிக்கலாம். இங்கன பாருங்க. சிரிங்க!"

பூதலிங்கம் சிரித்தார். நெற்றியில் வேர்வை ஓடியது. பலவேசத்தின் போனுக்குள் தலை, மீசை, காது, காது முடி எல்லாம் முழுசாக நிறைந்திருந்தன. மாரித்தாய் முகத்தைத் திருப்பாமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்து வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தார்.

போனுக்குள் இருந்த தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு மெல்லக் கீழே இறங்கி, காணாமல் போனது. பலவேசம் போனைத் தட்டிப் பார்த்தான். போனில் கோளாறு ஒன்றும் இல்லை.

"ஐயோ, எங்கண்ணனுக்கு என்னாச்சு!" என்று மாரித்தாய் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு அலறினாள்.

தனலட்சுமி தண்ணீரைத் தெளித்தாள். பூதலிங்கம் கண்ணைத் திறந்தார். ஊசியைப் பார்த்தார். மறுபடியும் மூடிக்கொண்டார்.

"நல்ல நேரம் போவுது. ஆராவது ஒருத்தர் உக்காருங்கப்பா" என்றார் பத்தர்.

வேன் பக்கத்திலிருந்து சல்மான் ஃபாரிஸ் ஓடிவந்தான். பூதலிங்கத்தைப் பைய ஓரமாக நகர்த்திப் படுக்க வைத்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாரித்தாயிடம் கையை நீட்டினான்.

"பிள்ளைய இங்கன தாங்கக்கா, சுகன்யாவுக்குக் குத்தும்போதும் அண்ணாச்சி ஊசியப் பாத்துட்டு வேன்ல போய்ப் படுத்துக்கிட்டாவ, நாந்தான மடி குடுத்தேன்."