ஆணியில் தொங்கிய ரொட்டி

கப்பல் கரை சேர்ந்தபோது, நுஸ்ரத்துல்லா வாத்தியார் தன் மகனுடைய ரொட்டியை முழுசாகத் தின்று முடித்திருந்தார்.

கப்பல் புத்தகத்தில் இருந்தது. ரொட்டி சமையலறை ஆணியில், துணிப்பைக்குள் இருந்தது. இப்போது பையில் மிஞ்சியது கொஞ்சம் தூளும் நாலு எள்ளும்தான். வாத்தியார் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்புறம் வெளியே வரும்படி உருவிப் பார்த்தார். காது ரெண்டும் சுடத் தொடங்கின.

எங்கள் தெருவில் ஊரை விட்டுப் போகிறவன் வாசலில் நின்று ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுத்தான் போவான். மிச்சத்தை வீட்டுப் பெண்கள் துணியில் கட்டி மாட்டிவைப்பார்கள். அவன் திரும்பி வந்து அவனே அதைத் தின்ன வேண்டும். அதுவரை யாரும் தொடமாட்டார்கள். சமர்கண்ட் ரொட்டி கெடாது, கல்லாகிக் காத்திருக்கும். கொரியாவில் வேலைக்குப் போன மகன் ஜவ்லோன் ரெண்டு வருஷம் கழித்து வருகிற வெள்ளிக்கிழமைதான் வருகிறான். அவன் பங்கைத்தான் அப்பா டீயில் நனைத்துச் சாப்பிட்டிருந்தார்.

எல்லாம் சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தது. அவர் மனைவி மெஹ்ரி, தங்கை வீட்டுத் தொட்டில் விருந்துக்காகக் கட்டாகுர்கானுக்குக் கிளம்பினாள்.

"கோழிக்குத் தீனி போடுங்க. குழாயை மூடுங்க. வேற எதையும் தொடாதீங்க."

வாத்தியார் தலையாட்டினார். ஆட்டிய தலை ஒரு புத்தகத்துக்குள் இருந்தது.

அவருக்கு ஒரு புத்தகம் போதாது. ஒன்றையே படிப்பது ஒரே பதார்த்தத்தோடு விருந்தை முடிப்பது மாதிரி என்பார். சமையலறையில் கடல் பயணம், விருந்தினர் அறையில் கொலை, மல்பெரி மரத்தடிக் கட்டிலில் தேனீ வளர்ப்பு, படுக்கையில் அறுநூறு பக்கக் காதல். உட்காரும் இடம் மாறினால் புத்தகமும் மாறும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள், கப்பல் தலைவனுக்கு விஷம் வைத்தது ராணித் தேனீதான் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். அதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இது பிறவிக் கோளாறு இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், பூகோள ஆசிரியர்களுக்கு நாற்பது நாள் பயிற்சி என்று தாஷ்கென்ட் போனார். அங்கே பயிற்சி எவ்வளவு நடந்ததோ தெரியாது, ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தார். வாடகைக் காரிலிருந்து இறங்கும்போதே கையில் ஒன்று விரிந்திருந்தது. படித்துக்கொண்டே நேராக அடுத்த வீட்டுக்குள் போய்விட்டார். இதெல்லாம் நான் கட்டிவிடுவது இல்லை, தெருவே பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கப்பல் நடுக்கடலில் நிற்கும்போது சமையலறை மூலையில் வெளிச்சம் போதவில்லை. விளக்கை மாட்ட ஓர் ஆணி வேண்டியிருந்தது. பையை இறக்கி மேசைமேல் வைத்தார், அரை நிமிஷத்துக்கு. அந்த ஆணியில் பை தொங்குவதே ரெண்டு வருஷமாகத்தான் அவர் கண்ணில் பட்டிருந்தது. அதற்கு முன்னால் அங்கே என்ன தொங்கியது என்று கேட்டால் முழிப்பார்.

கப்பலில் மாலுமிகள் கல் மாதிரி காய்ந்த ரொட்டியை மேசையில் தட்டி, பூச்சியை உதறி, டீயில் முக்கித் தின்றார்கள். வாத்தியாரும் தட்டினார், முக்கினார், தின்றார். 'என்ன எழுத்துடா, கையில் ரொட்டியே வந்துவிட்டதே' என்று ஆசிரியரைப் பாராட்டினார். பூச்சி விழாதது ஒன்றுதான் குறை.

இப்போது பாராட்டெல்லாம் வயிற்றில் கல்லாக உட்கார்ந்திருந்தது. மகன் கிளம்பிய நாள் ஞாபகம் வந்தது. வாசலில் புத்தகத்துக்குள் விரலை வைத்தபடி நின்றார். கார் நகர்ந்ததும் புத்தகம் பிடித்த கையாலேயே டாட்டா காட்டினார். பக்கம் தவறிவிட்டது. மகன் போனதைவிட அதுதான் அன்றைக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. பையன் ரொட்டியை எந்தப் பக்கம் கடித்தான் என்றுகூடத் தெரியாத அப்பா!

தின்னும்போது அரைக்கண்ணால் பார்த்தது மட்டும் கொஞ்சம் நினைவிருந்தது. கடி அகலமாக, முழுப் பல்வரிசையாக இருந்தது. 'என் வாய்தான் அவனுக்கும். வாலிபத்தில் நானும் இப்படித்தான் கடிப்பேன்.' அந்த அவமானத்திலும் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

மெஹ்ரி சாயங்காலம் வந்துவிடுவாள். விருந்தினர் அறைக் கொலைப் புத்தகத்தில், காணாமல்போன உயிலுக்குப் பதில் அச்சாக இன்னொன்று செய்து வைப்பான் ஒரு கெட்டிக்காரன். வாத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டு ரொட்டிக்கடைக்கு ஓடினார்.

"ரெண்டு ரொட்டி குடுப்பா. பழசா."

"பழசா?"

"ரெண்டு வருஷப் பழசு இருந்தா நல்லது."

கடைக்காரன் தந்தூரி அடுப்புக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தான். "இப்பச் சுட்டதுதான் இருக்கு, வாத்தியாரே. வாங்கிட்டுப் போய் ரெண்டு வருஷம் காத்திருங்க."

வீட்டுக்கு வந்து, வாயை அகலத் திறந்து முதல் ரொட்டியைக் கடித்தார். எடுத்துப் பார்த்தால் கடியும் இருந்தது, கடிக்குள்ளே அவருடைய ரெண்டு கட்டுப் பல்லும் நின்றுகொண்டிருந்தன. பல்லைப் பிடுங்கப் போய் ரொட்டி பிய்ந்தது. பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டார். மிச்சமிருந்தது ஒரே ஒரு ரொட்டி.

தெருவில் பல் என்று சொன்னால் எர்காஷ்தான். அடுத்த வீடு, மினிபஸ் ஓட்டுகிறவன். வாதுமைக் கொட்டையைப் பல்லாலேயே உடைப்பான். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எர்காஷ், இதை ஒரு வாய் கடிச்சுக் குடு."

"எதுக்கு? உள்ள எதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"சே, என்னப்பா!"

"பின்ன? உங்க வீட்டுல ஒரு கிண்ணம் டீ கிடைக்கணும்னாலே நாலு அத்தியாயம் காத்திருக்கணும். நீங்க தானா வாசலுக்கு வந்து ரொட்டி நீட்டறீங்க?"

"கடிப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும். நல்லா அகலமா. காரணம் மட்டும் கேக்காத."

எர்காஷ் கடித்தான். அகலமான, அழகான கடி. வாத்தியார் ரொட்டியை ரெண்டு கையாலும் வாங்கி, துணியில் பொத்திச் சுற்றினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எர்காஷின் மனைவி ரஹிமா துவைத்த துணியோடு வெளியே வந்தாள். மென்றுகொண்டிருக்கும் புருஷனைப் பார்த்தாள். கடித்த ரொட்டியைப் பார்த்தாள். அதை மரியாதையாகக் கட்டும் கையைப் பார்த்தாள். துணிக்கூடை கீழே விழுந்தது.

"எப்பக் கிளம்புறீங்க?"

"எங்க?" என்றான் எர்காஷ், வாய் நிறைய.

"எங்கன்னு என்னையா கேக்குறீங்க? மாஸ்கோ வேண்டாம், இருக்கிற வண்டியை இங்கயே ஓட்டுங்கன்னு போன மாசம்தானே கால்ல விழாத குறையா கெஞ்சினேன்? ரொட்டியைக்கூடக் கட்டின பொண்டாட்டிகிட்டக் குடுக்காம அடுத்த வீட்டுல குடுத்துட்டுப் போறீங்களே!"

"நான் எங்கயும் போகலடி!"

"அப்ப எதுக்குக் கடிச்சீங்க?"

எர்காஷ் வாத்தியாரைப் பார்த்தான். அந்த இடத்தில் வாத்தியார் ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருக்கலாம். படுக்கையறைக் காதல் கதையில், ஓர் உண்மையைச் சொல்லாததால் கதாநாயகன் அறுநூறு பக்கம் அவதிப்படுகிறான். ஆனால் வாத்தியார் அதில் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

"பசிச்சுது போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்தது ரொட்டிக்கு வயசு ஏற்றும் வேலை. கொலைப் புத்தகத்துக் கெட்டிக்காரன் உயிலில் டீயைத் தடவித்தான் பழசாக்கினான். வாத்தியாரும் கறுப்பு டீ காய்ச்சி, பூரான் மீசை மாதிரி மெல்லிசான தூரிகையால் பூசினார். ரொட்டி பழுப்பானது. கூடவே ஊறிக் கொழகொழத்தது. காயவைக்க வேண்டுமே? தேனீப் புத்தகத்தில் கூட்டுக்குப் புகை போடும் முறை படத்தோடு இருந்தது. மல்பெரிக் கிளையில் ரொட்டியைக் கயிற்றில் கட்டி, கீழே தகர டப்பாவில் வைக்கோலைக் கொளுத்தினார். கயிறு கருகி ரொட்டி தரையில் விழுந்தது. ரெண்டு நாளாகத் தீனி பார்க்காத ஒன்பது கோழிகள் மூலையிலிருந்து பறந்து வந்தன.

கோழிகளிடமிருந்து பிடுங்கியபோது, ரொட்டிக்கு ரெண்டு வருஷம் இல்லை, இருநூறு வருஷம் ஆகியிருந்தது. எர்காஷின் அழகான கடி இருந்த பக்கமே காணோம். வாத்தியார் அதைச் சட்டையால் துடைத்து, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். கோழிகளின் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

வெளியே இதற்குள் தெரு கூடிவிட்டிருந்தது. எர்காஷ் மாஸ்கோ போகிறானாம். போகிறவனைச் சும்மா அனுப்புவதா? அங்கே மகனோ மருமகனோ இல்லாத வீடு தெருவில் எது?

"இந்தக் காலுறை என் மருமகனுக்கு, தம்பி. அவனுக்குக் கால் விரல் குளிர் தாங்காது."

"குதிரைக்கறித் தொத்திறைச்சி இது. நசுங்காம மேலாப்புல வை."

"ஐயா, நான் போகல!"

"எங்கப் பெரியவனும் கடைசி வரைக்கும் இப்படித்தான் சொன்னான்" என்று ஒருத்தி தலைத்துண்டால் கண்ணைத் துடைத்தாள்.

அப்போதுதான் வாத்தியார் வீட்டு மரத்துக்கு மேலே புகை எழுந்ததை ரஹிமா பார்த்தாள். "அய்யோ, திருஷ்டிப் புகையும் போட்டாச்சு! இன்னிக்கே கிளம்புறார்!"

மொத்தக் கூட்டமும் காலுறைகளோடு வாத்தியார் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தது. எர்காஷ் கையில் ரெண்டு மூட்டை, கழுத்தில் யாரோ சுற்றிவிட்ட கம்பளித் துண்டு.

"வாத்தியாரே! நான் எங்க போறேன்னு நீங்களாச்சும் சொல்லித் தொலைங்க!"

வாத்தியார் கரி பிடித்த ரொட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஒரு கோழி பின்னால் போய் எட்டிக் கொத்தியது.

"யாரு ஊருக்குப் போறது?"

கூட்டத்துக்குப் பின்னால் மெஹ்ரியின் குரல். கையில் விருந்துப் பலகாரப் பை. எல்லோரும் எர்காஷைக் காட்டினார்கள். எர்காஷ் வாத்தியாரைக் காட்டினான்.

அதற்குமேல் எந்தப் புத்தகமும் கை கொடுக்கவில்லை. வாத்தியார் ரொட்டியை முன்னால் எடுத்தார்.

"யாரும் போகல. நான்தான்... எர்காஷைக் கடிக்கச் சொன்னது நான்தான். ஜவ்லோன் ரொட்டியை நான் தின்னுட்டேன் மெஹ்ரி. படிச்சுக்கிட்டே... தெரியாமத் தின்னுட்டேன்."

ரஹிமாவின் அழுகை பாதியில் நின்றது. காலுறைக்காரி காலுறையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை புள்ள வருவான்" என்றார் வாத்தியார். "ரொட்டி எங்கப்பான்னு கேப்பான். நான் எதை எடுத்துக் குடுப்பேன்? அவன் கடிச்சது எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. அன்னிக்கு நான் பாக்கவே இல்ல."

புருஷன் எல்லோருக்கும் எதிரே இப்படிக் கண் கலங்குவதை மெஹ்ரி பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. உள்ளே போனாள். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு வெள்ளைத் துணி மூட்டையோடு வந்து, அவர் மடியில் வைத்துப் பிரித்தாள்.

முழு ரொட்டி. ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு சின்னக் கடி, நடுவில் ஒரு பல் இடைவெளி.

"இதுதான் ஜவ்லோனோடது. ஆணி காலியா இல்ல, அதனால அன்னிக்கே பெட்டியில வச்சுட்டேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

வாத்தியார் அந்தச் சின்னக் கடியை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் மூச்சு வந்தது. எர்காஷ் மூட்டைகளைக் கீழே வைத்தான். தெருவே பெருமூச்சு விட்டது.

ரஹிமாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "அப்ப ஆணியில தொங்கினது யாரோட ரொட்டி, அக்கா?"

மெஹ்ரி கோழிகளுக்குத் தீனி அள்ளிக்கொண்டே சொன்னாள்:

"அதுவா? இவரோடதுதான். பதினோரு வருஷம் முன்னாடி தாஷ்கென்ட் போறப்பக் கடிச்சுட்டுப் போனாரு. ஆளு இன்னும் வீடு வந்து சேரலியேன்னுதான் இறக்காம வச்சிருந்தேன்."