பூட்டு சார் திறந்த பதிவு

மக்கள் பதிவு அலுவலகத்தில் அவருக்குப் 'பூட்டு சார்' என்று பெயர். ஊர் ஜனங்களின் பிறந்த தேதி, வியாதி, முகவரி எல்லாம் அங்கே கணினியில் இருந்தன. வேலை நிமித்தம் இல்லாமல் யாரும் அவற்றை எட்டிப் பார்க்கக் கூடாது என்று விதி எழுதியவர்களில் அவரும் ஒருவர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர்தான் வகுப்பெடுப்பார். "கண்ணால பார்க்கிறதும் களவுதான்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், சொந்த மனைவியின் பதிவைத் திறந்தார்.

எல்லாம் ஒரு உறையால் வந்த வினை. முந்தின வாரம் அவருடைய அலுவலக முத்திரையோடு மனைவி பெயருக்கு வந்தது. அவள் படித்தாள், மடித்தாள், பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"என்ன அது?"

"ஒரு மனு கொடுத்திருந்தேன். கிடைச்சுதுன்னு எழுதியிருக்காங்க."

"என்ன மனு?"

"அது தனிப்பட்ட தகவல்ங்க. கட்டின புருஷன் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெயர் மாற்றமா? முகவரி மாற்றமா? அவள் முகவரி மாறினால் தன் முகவரி என்ன ஆகும்? ஆறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஏழாம் நாள் விரல் கேட்கவில்லை.

பதிவில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, கடைசி வரியைத் தவிர: 'மனு நிலுவையில் உள்ளது.' அதற்குக் கீழே சிவப்பில்: 'நீங்கள் இப்பதிவைப் பார்த்த விவரம் இரண்டு நாளில் உரியவருக்குக் குறுஞ்செய்தியாகத் தெரிவிக்கப்படும்.' அந்த வாக்கியத்தை எழுதியவரே அவர்தான். எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறோம் என்று முதல்முறையாக வருத்தப்பட்டார்.

வேலை போகும். போனால் போகட்டும், வகுப்பில் உட்கார்ந்த பொடியன்கள் சிரிப்பார்களே. அதைவிட, வீட்டில் இவள் சிரிக்க மாட்டாளே.

வழி ஒன்றுதான். செய்தியை அவள் பார்க்கும் முன் அழித்துவிட வேண்டும். இரண்டு நாள் லீவு போட்டார். அவள் போனுக்கு அவரே சார்ஜ் போட்டார், துணியால் துடைத்தார், அவள் சமையலறைக்குப் போனால் பின்னாலேயே தூக்கிக்கொண்டு போனார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"சும்மாதான். உன் போன் சூடாகுதான்னு பார்க்கிறேன்."

"அது சூடாகலை. நீங்கதான் சூடா இருக்கீங்க."

வியாழக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தபோது செய்தி வந்தது. உடனே அழித்தார். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக ஒரு காபி அவர் குடித்ததில்லை. பாதி டம்ளரில்தான் விதி பதினான்கு ஞாபகம் வந்தது. செய்தி கிடைத்தவர் மறுநாள் காலைக்குள் 'எனக்கு ஆட்சேபம் இல்லை' என்று பதில் அனுப்பாவிட்டால் விசாரணை தொடங்கும். தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே செய்தியைத் தன் விரலாலேயே அழித்திருந்தார்.

சொல்லிவிடலாமா என்று மூன்று தடவை வாயைத் திறந்தார். மூன்று தடவையும் கொட்டாவிதான் வந்தது.

மறுநாள் காலை அலுவலகத்தில் நுழைந்ததும் மேலதிகாரி அம்மா கூப்பிட்டார். உள்ளே போனால் எதிர் நாற்காலியில் மனைவி.

"இரண்டு நாளா என் போனைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டார் மேடம். என்னமோ வரப்போகுதுன்னு தெரிஞ்சுது. அதான் நேர்ல கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேலதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பதிவைப் பார்த்தது ஒரு குற்றம், நாங்க அனுப்பின செய்தியை அழிச்சது இன்னொண்ணு. உங்க வீட்டம்மா ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அதனால வேலை தப்பிச்சுது. மூணு மாசம் கணினியைத் தொடாதீங்க. புதுசா வந்தவங்களோட வகுப்புல உட்காருங்க, முதல் பெஞ்சுல."

"சரி மேடம்."

"இவங்க மனுவையும் இன்னிக்கே அனுமதிச்சுட்டேன்."

மேஜையில் அது விரிந்திருந்தது. தேதி போன மாதத்தது. 'என் கணவர் இங்கே வேலை செய்கிறார். என் பதிவை அவர் மட்டும் திறக்க முடியாதபடி செய்துதர வேண்டுகிறேன்.' காரணம் என்ற கட்டத்தில்: 'என்றைக்காவது திறப்பார்.'

சாயங்காலம் வீடு திரும்பினார். செருப்பைக் கழற்றும்போது பொறுக்க முடியாமல் கேட்டார்.

"அதுல எனக்குத் தெரியாதது ஒண்ணுமில்லையே, எதுக்கு எனக்கு மட்டும் பூட்டு?"

அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"மனுவா எழுதிக் கொடுங்க. முப்பது நாள்ல பதில் சொல்றேன்."

அவர் பேனாவைத் தேடினார்.