மாமனாரின் சப்பாத்து

பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க வேண்டும். நான் அவளுடைய அப்பாவின் சப்பாத்தைப் பார்த்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்தாளராகச் சேர்ந்த புதிது; அங்கே வைத்தியரும் நான்தான். (யாராவது தும்மினால்கூட நாக்கை நீட்டச் சொல்லுவேன்.) உக்குவளைக் கடைக்காரர் ஒருவரின் மகளைப் பார்க்க அம்மா அழைத்துப் போனார். "வாயைத் திறந்துறாத. அடுத்த கிழமை நாவுலயிலயும் ஒரு பொண்ணு இருக்கு" என்று வழியெல்லாம் எச்சரிக்கை.

எல்லோரும் செருப்பை வாசலில் விட்டிருக்க, கடைக்காரர் மட்டும் வீட்டுக்குள் சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தார். ஓடிக்கொலோன் வாசனை ஆளைத் தூக்கியது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. வார்டில் பழகிய என் மூக்கு அதை விடவில்லை. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். அடிக்கடி பின்கட்டுக்குப் போய் வந்தார். நீரிழிவு, காலில் அழுகும் புண் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்ததில், பெண் தேநீரோடு வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை.

எழுந்து போய், குனிந்து, அவர் காலைப் பிடித்தேன்.

"மாப்பிள்ள கால்ல விழுந்துட்டாருங்க!" என்று பெண்ணின் அம்மா குலவையிட்டார். கடைக்காரர் கண்கலங்கி, "நல்லா இருங்க தம்பி" என்று என் தலையில் கை வைத்தார்.

"டேய், எந்திரிடா! இன்னும் பேசவே இல்லையேடா!" இது என் அம்மா.

நானோ சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டே, அந்த வீட்டில் என் முதல் வாக்கியத்தைச் சொன்னேன்: "ஒரு போத்தல்ல மூத்திரம் வேணும்."

குலவை பாதியில் நின்றது.

பெண்தான் தட்டைக் கீழே வைத்தாள். "அம்மா, அவரு ஆசீர்வாதம் கேக்கல. அப்பா காலைப் பாக்குறாரு. நானும் ஒரு மாசமா சொல்றேன், யாரு கேட்டீங்க?" என்று டோர்ச்சை எடுத்து வந்து பிடித்தாள்.

சப்பாத்தைக் கழற்றித் தட்டினேன். சோடா மூடி ஒன்று விழுந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது, சிவப்பு புறங்கால் வரை ஏறியிருந்தது.

"மூடி குத்தலையா மாமா?"

"வலியே இல்லையே தம்பி!"

"அதுதான் வியாதி. இன்னும் விட்டா காலே போயிரும்."

போத்தலும் வந்து சேர்ந்தது. சோதிக்கும் மருந்து என்னிடம் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பலகாரத் தட்டருகே அதை வைத்துவிட்டு, அவரைக் காரில் ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே சோதனைக் குழாயில், மூத்திரத்துச் சர்க்கரை பட்டு, நீல மருந்து செங்கல் நிறமானது. இன்சுலின், பெனிசிலின், கத்தி. சுண்டுவிரல் போனது, கால் தப்பியது.

வீடு திரும்பியவருக்குக் கட்டு மாற்ற நான்தான் போய்வந்தேன். டோர்ச் பிடித்தவளை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். நாவுலப் பெண்ணை அம்மா தனியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கல்யாணத்தன்று மாமனார் காலில் விழக் குனிந்தேன். அவர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்: "மிச்சம் ஒம்பது இருக்கு தம்பி, விட்டுருங்க!"

இப்போது நான் ஓய்வுபெற்ற கிழவன். பேரப்பிள்ளைகள் ஆசி வாங்க என் காலில் விழும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்:

"போத்தல் கொண்டுவரவா?"