போனை எடுத்த கார்

காலை ஒன்பது நாற்பதுக்கு என் கார் தானாகப் பாட ஆரம்பித்தது. அது நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதும் அந்த நேரத்தில் எங்காவது பிள்ளையார் பாட்டு கேட்டால் என் கை தன்னால் கைப்பைக்குள் போனைத் தேடுகிறது.

காரணம், டிரில்லு. கார்களுக்கு ஒயரிங் செய்கிறவர்களில் சொந்தமாக டிரில்லிங் மெஷின் இல்லாத ஒரே ஆள் மதுரையில் அவர்தான். உலகத்திலேயே என்றாலும் நான் மறுக்க மாட்டேன். டேஷ்போர்டில் ஓட்டை போட்டு ஸ்டீரியோ மாட்டிய காரைப் பார்த்தால், ஆஸ்பத்திரிக்கு நலம் விசாரிக்கப் போனவர் மாதிரி "ச்சு... ச்சு..." என்று நெற்றியைத் தடவிக்கொள்வார். அதற்காகவே அவர் வேலை செய்யும் தெற்குவெளி வீதி அவருக்கு அந்தப் பெயரை வைத்தது. நிஜப் பெயர் தெரிந்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

அப்பா எனக்கு விட்டுப்போனது ஐம்பதுகளில் வந்த ஒரு கறுப்புக் கார். ஒத்தக்கடையிலிருந்து அதில்தான் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருவேன். தந்த நிறக் குமிழ்கள் வைத்த ரேடியோ ஒன்று அதில் உண்டு. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அது ஊமை. ப்ளூடூத் என்ற சொல் மதுரைக்குள் நுழைந்திருந்த புதிது. ஒயரே இல்லாமல் போனிலிருந்து காருக்குப் பாட்டு வருமாமே என்று டிரில்லுவிடம் கேட்டேன்.

"வரும் டீச்சர். ஆனா எங்க வச்சேன்னு கேக்கப்படாது."

"என் கார்ல எங்க வச்சீங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சா அங்கயே பாப்பீங்க. பாத்தா காருக்குக் கூச்சமா இருக்கும்."

நான்கு நாள் காரை வைத்திருந்தார். முதல் நாள் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொடவில்லை. பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து, கதவையும் கூரையையும் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நடுநடுவே காரிடம் அவருடைய தாய்மொழியான சௌராஷ்டிரத்தில் பேச்சு வேறு. எங்களோடு தமிழ்; வீட்டாரோடும் கார்களோடும்தான் சௌராஷ்டிரம்.

காரின் பேட்டரி ஆறு வோல்ட். அவர் வைத்த ப்ளூடூத் பெட்டிக்குப் பன்னிரண்டு வேண்டும். "வயசானவர்கிட்டப் போயி கரண்டு கேக்கலாமா? தனியா ஒரு பேட்டரி வச்சுட்டேன்" என்றார். அது எங்கே என்றும் கேட்கக்கூடாது. இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தார். "யாராச்சும் போன் போட்டா மூணாவது மணியில அதுவா எடுத்துக்கும். நீங்க ஸ்டியரிங்ல இருந்து கைய எடுக்க வேணாம்."

பாட்டு வந்தது. எங்கிருந்து என்பதுதான் தெரியவில்லை. நானும் என் மகளும் சீட்டுக்கு அடியில் தலையை விட்டுத் தேடினோம். கண்ணாடியிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். அங்கே காதை வைத்தால் முதுகுக்குப் பின்னால் கேட்கும். டிரில்லு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அத்தனை சந்தோஷமான மனிதரை நான் கல்யாண வீடுகளில்கூடப் பார்த்ததில்லை.

பிறகு மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை வந்தது. கணக்குதான் பயம். அரையாண்டுத் தேர்வில் கேள்வித்தாளைப் பார்த்ததும் கை நடுங்கி, அரை மணி நேரம் பேனாவையே எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் டிரில்லு வந்து, சின்ன வேலை ஒன்று பாக்கி என்று காருக்குள் பத்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டார். போகும்போது, "நாளைக்கு எத்தனை மணிக்கு டீச்சர் கெளம்புறீங்க?" என்றார். ஒன்பது மணிக்கு என்றேன்.

ஏழரைக்கே கிளம்பிவிட்டோம். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பரீட்சை நடக்கும் பள்ளியின் சுவரை ஒட்டி, வேப்பமர நிழலில் காரை நிறுத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டாவது ஜன்னல்தான் மகளின் ஹால். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். கேட் திறந்ததும் முதல் ஆளாக அவளை உள்ளே அனுப்பினேன்.

ஒன்பது நாற்பதுக்கு நாதஸ்வரத்தோடு பிள்ளையார் பாட்டு. முழுச் சத்தத்தில்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "யம்மா, பாட்ட அமத்துங்க. பிள்ளைங்கல்லாம் உக்காந்துருச்சு."

"நான் போடலைங்க."

"பின்ன, நானா போட்டேன்?"

என் போனை அணைத்தேன். பாட்டு அணையவில்லை. காரை நகர்த்தலாமென்றால் முன்னும் பின்னும் பெற்றோர்களின் பைக்குகள். உசிலம்பட்டியிலிருந்து மகனைக் கூட்டிவந்திருந்த ஒருவர், "விடு தாயி" என்று பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். பாட்டு இரண்டாவது தடவை முதலிலிருந்து தொடங்கியது. அவர் ஒயரைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

"பேட்டரி இல்லாமப் பாடுதுன்னா இது சாதாரண வண்டி இல்ல தாயி. எம்பயலுக்கும் சேத்து வேண்டிக்க."

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. போனைத் திரும்ப உயிர்ப்பித்து டிரில்லுவின் நம்பரைப் போட்டேன். மணி அடித்தது, என் காருக்குள். மூன்றாவது மணியில் பாட்டு நின்றது.

"டிரில்லு" என்று கத்தினேன்.

"டிரில்லு" என்று என் குரலிலேயே கார் கத்தியது. வாட்ச்மேன் இரண்டடி பின்னால் போனார்.

அவருடைய போன் என் காருக்குள்தான் எங்கேயோ இருக்கிறது. அழைப்பைத் துண்டித்தேன், உடனே நாதஸ்வரம். மறுபடி போட்டேன், மூன்று மணி, அப்புறம் அமைதி. விஷயம் விளங்கிவிட்டது. இந்த அழைப்பு உயிரோடு இருக்கும்வரை கார் வாயைத் திறக்காது. ஆனால் என் போன் பக்கத்தில் யார் வாயைத் திறந்தாலும் கார் அதைச் சொல்லும்.

பத்து மணிக்கு உள்ளே மணி அடித்தது.

இருபது வருடமாக வகுப்பில் "பேசாதே" என்று சொல்லியே தொண்டை கட்டியவள் நான். அன்று மூன்றேகால் மணி நேரம் பேசவில்லை. போனில் நாம் பேசுவது அந்தப் பக்கம் கேட்காமல் செய்ய ஒரு பட்டன் உண்டு என்பது எனக்குத் தெரியவரப் பின்னும் இரண்டு வருடம் ஆனது. முந்தானையைப் பந்தாகச் சுருட்டிப் போனை அதற்குள் பொத்தி, பச்சைக் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளரிக்காய்க்கார அம்மா அருகில் வந்து, "பிஞ்சு வெள்ளரிம்மா" என்றதும், பத்தடி தள்ளிக் காரும் லேசாக வெள்ளரிக்காய் விற்றது. உசிலம்பட்டிக்காரர் பாய்ந்து வந்து அந்த அம்மாவைக் கும்பிட்டு நகர்த்தினார். அவருக்கே ஒரு தும்மல் வந்தபோது துண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடினார். அவரை நான் மறக்க மாட்டேன்.

ஒன்றேகாலுக்குக் கடைசி மணி. அதோடு டிரில்லுவும் சைக்கிளில் வந்து இறங்கினார். முகத்தில் வருத்தம்.

"என்ன டீச்சர், பாப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்னு காலைல இருந்து பூத்துல நின்னு உங்க நம்பருக்குப் போடுறேன். பிஸி பிஸின்னே வருது. பரீட்சை அன்னைக்கு அம்புட்டு நேரமா யார்கிட்டப் பேசுறீங்க?"

"உங்ககிட்டத்தான்" என்றேன்.

"உங்ககிட்டத்தான்" என்றது கார்.

டிரில்லு தலையைச் சாய்த்துக் கேட்டார். "குரல் நல்லா தெளிவா வருதுல்ல?"

அதற்குமேல் அவரைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். தரையைப் பார்த்தபடியே சொன்னார். "ஒன்பது மணிக்குக் கெளம்புறேன்னீங்க. ஒன்பது நாப்பதுக்கு யானைக்கல் தாண்டி வந்துக்கிட்டு இருப்பீங்கன்னு கணக்குப் போட்டேன். பாப்பா கணக்குன்னா பயப்படும்னு சொன்னீங்கள்ல. எறங்குறதுக்கு முன்னாடி பிள்ளையார் பாட்டு கேட்டா நல்லதுன்னு என் போன்ல அலாரம் வச்சு, ப்ளூடூத்துல காரோட கோத்துவிட்டு உள்ள போட்டேன். நீங்க கோழி கூப்பிடவே வந்து உக்காந்துக்கிட்டா நான் என்ன பண்ண? கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க."

திரும்பிக்கொண்டேன். ஏதோ 'டக்' என்றது. மறுபடி பார்த்தபோது போன் அவர் கையில் இருந்தது. எங்கிருந்து எடுத்தார் என்று இன்றுவரை தெரியாது.

மகள் வந்தாள். "எப்படிம்மா எழுதுன?" என்று நான் கேட்டு முடிக்கவில்லை. அவளாகவே சொன்னாள். "எல்லாம் எழுதிட்டேன்மா. உக்காந்ததும் கை நடுங்குச்சு. பக்கத்துக் கோயில்ல பிள்ளையார் பாட்டு போட்டாங்க, கொஞ்சம் சரியாப் போச்சு. அப்பறம் யாரோ கத்தி நிறுத்திட்டாங்க."

டிரில்லு என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, "அடுத்தது என்னைக்கு பாப்பா?" என்றார்.

"வெள்ளிக்கிழமை, கெமிஸ்ட்ரி."

பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கெளம்புவீங்க? இந்த வாட்டியாச்சும் நெசத்தச் சொல்லுங்க."