ஒற்றைக் காலில் இருபதாயிரம் பேர்

"நேத்து சாயங்காலம் இருபதாயிரம் பேர நான் ஒத்தக் கால்ல நிக்க வச்சேன்" என்றார் மைக்செட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசை. அவர் மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டும் சேர்ந்து சிரித்தது. எதிரே இருந்த மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. மெத்தைக்கடை முதலாளியான அவர், பஞ்சு மூட்டையை எடை போடுவதுபோல மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒத்தக் கால்ல நிக்கறது நான்தான் மாப்ள. கடைக்கு வாங்க, கடைக்கு வாங்கன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நிக்கறேன்."

கடையில் தலையணைகள் எல்லாம் மேல் அடுக்கில் இருந்தன. அங்கே போக ஏணி ஏற வேண்டும். மாமனாருக்கோ முட்டி வலி. ஏணிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதரான முட்டி வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். ஆகவே ஏணி மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தது.

மைக்செட்டுக்காரருக்கு நேரமும் சரியில்லை. போன மூன்று நிகழ்ச்சிகளும் பாதியில் படுத்துவிட்டன. கடைசியாக ஒரு பெரிய மனிதர் நெடுநேரம் வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். ஜனங்கள் அதைத்தான் அவருடைய மிகச் சிறந்த பேச்சு என்றார்கள். ஆனாலும் மாமனார் விடவில்லை. நேற்றைய நிகழ்ச்சியும் பாதியில் நின்றால் செட்டை விற்றுவிட்டு ஏணி ஏற வேண்டும். நிற்காமல் முடிந்தால் மாமனார் இனிமேல் கடைப் பேச்சை எடுக்கக் கூடாது. இதுதான் பேச்சு.

"பாதியில நின்னுருக்குமே?" என்றார் மாமனார், ஆசையாக.

"நிகழ்ச்சி நிக்கல மாமா. ஜனங்கதான் நின்னாங்க."

"எங்கப்பா நேத்து உங்ககூட வந்திருந்தா நீங்க இப்படி அளக்க முடியாது" என்றாள் மனைவி. "பாவம், அவரு முட்டியக் காட்ட வைத்தியர்கிட்ட போயிட்டாரு."

மாமனார் முட்டியைத் தடவிக்கொண்டார்.

நடந்தது இதுதான்.

அது மனசாட்சி இசைவிழா. அங்கே பாட்டுக்கு நடுவில் பேச்சு கிடையாது. பேச்சுக்கு நடுவில்தான் பாட்டு. முதல் குழு, அநியாயத்தைக் கண்டித்து ஒரு நிமிடம் மௌனம் காத்தது. இரண்டாவது குழு சளைக்குமா? இரண்டு நிமிடம் காத்தது. மூன்றாவது குழு மேடையேறியதிலிருந்து இறங்கியது வரைக்கும் மௌனம்தான். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. எந்த அநியாயம் என்று கேட்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் மனசாட்சி குறைவாக இல்லை.

நான்காவதாக வந்தவர் பாடகர் 'எரிமலை'. இரும்பு லாடம் அடித்த பூட்ஸ், முழங்கால் வரைக்கும். பூமியின் சூட்டைக் குறைப்பது பற்றிப் பேச வந்திருந்தார்; அவருடைய கார் வெளியே ஏசியை ஓடவிட்டுக் காத்திருந்தது. பேசுகிற வேகத்தில் மேடையின் ஓரத்துக்கு வந்து, 'டொக்' என்று காலை ஊன்றினார்.

இடது பக்கத்து ஸ்பீக்கர்கள் எல்லாம் செத்துப்போயின.

மைதானத்தின் நடுவில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்கு முன்னால் இருந்த மைக்செட்டுக்காரருக்குக் கண்ணுக்குள் ஏணி தெரிந்தது. காதுகளை வயரில்லாத ஹெட்போன் இறுக்கி மூடியிருந்தது. மேடையில் இருந்த தன் ஆளோடு மட்டும் பேசுவதற்கென்று கழுத்தில் அதேபோல வயரில்லாத ஒரு மைக் மாட்டியிருந்தார். அவசரத்தில் அவர் தட்டிய சுவிட்ச், அந்த மைக்கை மைதானம் முழுவதற்கும் திறந்துவிட்டது. ஹெட்போனுக்குள் இருந்தவருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

"இடது பக்கம் சத்தமே இல்ல!" என்று கத்தினார். "வலது பக்கம் மட்டும்தான் கத்திக்கிட்டிருக்கு!"

கூட்டத்தில் பாதி விசிலடித்தது. மீதிப் பாதி கூச்சல் போட்டது. 'யார்றா இது, நம்ம பேச்சைத் திருடுறது?' என்று எரிமலை வாயைப் பிளந்தது.

விழா ஏற்பாட்டாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, ஹெட்போனில் ஒரு காதை மட்டும் இழுத்தார்.

"யோவ், நீ எந்தக் கட்சிய்யா?"

"நான் மைக்செட்டு சார்."

"உன்ன யாரு அனுப்பினா?"

"நீங்கதான சார் கூப்பிட்டீங்க?" என்று காதை மறுபடி மூடிக்கொண்டு, இருக்கிற வலது பக்கத்தையாவது சரிசெய்யலாம் என்று பட்டன்களைத் திருகினார். அங்கே கனத்த கீழ்ச்சத்தமான பேஸ் அமுங்கிக் கிடந்தது, கீச்சிடும் மேல்சத்தமான ட்ரெபிள் காதைக் கிழித்தது.

"கீழ இருக்கறத எவனோ அமுக்கிட்டான்! மேல இருக்கறது மட்டும் ஆட்டம் போடுது! எல்லாத்தயும் சமமாக்கு!"

அவ்வளவுதான். விசிலடித்த பாதியும் கூச்சல் போட்ட பாதியும் கட்டிப்பிடித்துக்கொண்டன. "சமமாக்கு! சமமாக்கு!" என்று எழுந்த முழக்கத்தில் மேகங்கள் இரண்டு நகர்ந்து வழிவிட்டன. விழாச் செலவை ஏற்ற கம்பெனியின் முதலாளி கழுத்துப்பட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினார். எதைச் சமமாக்கச் சொல்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் மறுபடி கட்டிக்கொண்டிருப்பார்.

மைக்செட்டுக்காரர் இதில் எதையும் கவனிக்கவில்லை. ஸ்பீக்கர் வயரைக் கண்ணாலேயே தொடர்ந்து போனார். அது மேடையோரமாக ஓடி, எரிமலையின் பூட்ஸுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. ஒரே ஓட்டமாக ஓடி, மேடையேறி, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டார்.

"காலத் தூக்குங்க! ஒத்தக் கால்ல நில்லுங்க! நான் சொல்ற வரைக்கும் யாரும் காலக் கீழ வைக்கக் கூடாது!"

எரிமலை திகைத்தார். காலைத் தூக்காவிட்டால் என்ன நினைப்பார்கள்? தூக்கினார்.

இருபதாயிரம் பேரும் தூக்கினார்கள்.

முன்வரிசைப் பிரமுகர்கள் நாற்காலியை விட்டு எழுந்து தூக்கினார்கள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள். இனிப்பு விற்கிறவர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்.

"எதுக்குங்க நிக்கறோம்?" என்றார் ஒருவர் மெதுவாக.

"ஷ்ஷ்! தெரியாம நிக்கறீங்கன்னு தெரிஞ்சா அசிங்கம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தோளப் புடிங்க, விழுந்துடப் போறேன்."

வயர் நைந்திருந்தது. மைக்செட்டுக்காரர் பல்லால் டேப்பைக் கிழித்துச் சுற்றினார். மிச்ச வயர் எரிமலையின் இன்னொரு காலைச் சுற்றிக் கிடந்தது.

"இப்ப காலை மாத்துங்க!"

இருபதாயிரம் கால்கள் இறங்கின, இருபதாயிரம் கால்கள் ஏறின. பூமி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது என்கிறார்கள். நான் அளந்து பார்க்கவில்லை. இடது பக்க ஸ்பீக்கர் ஓரமாக ஒரே ஒருவர் மட்டும் நிலைதவறிப் பொத்தென்று விழுந்தார். மற்றவர்கள் அசையவில்லை. முதலில் காலை இறக்குகிறவன் மனசாட்சியில்லாதவன் ஆகிவிடுவானே!

கழன்று கிடந்த பிளக்கைச் செருகினார். இடது பக்கம் உயிர் வந்து முழங்கியது. "போதும்!" என்று ஹெட்போனைக் கழற்றித் திரும்பிப் பார்த்தவர், மைதானம் முழுவதும் கால்கள் இறங்குவதைப் பார்த்தார். தம்முடைய மூச்சு இரண்டு பக்க ஸ்பீக்கர்களிலும் வாங்குவதையும் கேட்டார்.

எரிமலை கையை உயர்த்தி, "இன்னிக்கு நாம ஜெயிச்சுட்டோம்!" என்றார். நிகழ்ச்சி கடைசிப் பாட்டு வரைக்கும் ஓடியது.

கதை முடிந்தது. மாமனார்தான் முதலில் கனைத்தார்.

"இவ்வளவு நடந்துச்சுன்னா, யாராவது படம் எடுத்திருப்பாங்களே மாப்ள?"

"கையெல்லாம் பக்கத்து ஆள் தோள்ல இருந்துச்சு மாமா."

"விழுந்தவரு ஒருத்தர்தானா? இருபதாயிரத்துல ஒருத்தரா? கதை விடுறதுக்கும் ஒரு கணக்கு வேணாமா? திங்கக்கிழமை ஏணிய எடுத்துருங்க, அவ்வளவுதான்."

"அப்பா சொல்றது சரிதாங்க" என்றாள் மனைவி. "நம்பற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்."

மைக்செட்டுக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து நின்று கையை நீட்டி, சத்தியம் செய்கிற குரலில் ஆரம்பித்தார்.

"இங்க பாரு, இப்படி நான் மண்டிபோட்டு உக்காந்திருக்கேன். அவரு நிக்கறாரு. முதல்ல எல்லாரும் இடது காலத் தூக்கினாங்க..."

"வலது காலு!" என்றார் மாமனார். "முதல்ல வலது, மாத்தினப்புறம்தான் இடது. சொல்றத ஒழுங்கா சொல்லுங்க மாப்ள!"



மகள் மெதுவாக அப்பாவின் முட்டியைப் பார்த்தாள். "நேத்து நீங்க வைத்தியர்கிட்டதான இருந்தீங்க?"

மாமனார் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"வைத்தியர்கிட்டதாம்மா இருந்தேன், அந்த ஸ்பீக்கர் ஓரமா. மாப்ள சொன்னதெல்லாம் நடந்துச்சு, எனக்கு ஒண்ணும் ஆகல, என் தோளப் புடிச்சுக்கிட்டு நின்ன அவருதான் விழுந்துட்டாரு."