மழைக்காட்டுக்குள் வந்த அம்மா

காதில் எதையாவது மாட்டிக்கொண்டு பேசுபவருக்குத் தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரியாது. பலரும் இதைப் பேருந்தில் கற்றுக்கொள்கிறார்கள். நான் பள்ளி மண்டபத்தில், ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊரான மாசாயில், பதினாறு வயதில், நான் படிவம் நான்கு படித்துக்கொண்டிருந்த காலம் அது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அப்பா, கட்டைவிரல் அளவில் ஒரு எம்பி3 பிளேயர் வாங்கி வந்திருந்தார். பாட்டும் கேட்கலாம், பேச்சையும் பதிவு செய்யலாம். அது கைக்கு வந்த நாளிலிருந்து நான் பாத்திரம் கழுவினால்கூட பின்னணி இசை இருந்தது. பள்ளிக்குள் மட்டும் தடை. அந்தத் தடைக்குக் காவல், கட்டொழுங்கு ஆசிரியர் அந்தோணி.

அந்த ஆண்டு தமிழ்மொழிக் கழக விவாதத்துக்கு அவரே தலைப்புக் கொடுத்தார்: மாணவர்கள் பள்ளியில் பாட்டுக் கருவி பயன்படுத்தலாமா, கூடாதா?

"நல்லா பேசி ஜெயிச்சுக் காட்டுங்க. ஓய்வு நேரத்துல மட்டும் கேக்கலாம்னு முதல்வர்கிட்ட நானே பேசுறேன்," என்றார்.

ஆதரவு அணிக்குத் தலைவி நான். (வேற யாரு இருக்கா, சொல்லுங்க.) சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நின்றால் முன்னால் விட்டார்கள். அத்தனை பேருடைய பாட்டும் என் நாக்கில் இருந்தது.

வெறுமனே வாதாடுவது சாதாரண மனிதர்கள் செய்யும் வேலை. நான் மேடையில் செய்தே காட்டுவதாக முடிவு செய்தேன். பாடநூலில் மழைக்காடு பற்றி ஒரு பகுதி உண்டு. அதை என் குரலிலேயே பதிவு செய்து, இயர்போனை மாட்டிக்கொண்டு, கேட்கக் கேட்க அப்படியே ஒப்பிக்க வேண்டும். கருவி இருந்தால் பாடம் தானாக வாய்க்கு வரும் என்று முடிக்க வேண்டும். வானொலிச் செய்தியைக் கேட்டபடியே திருப்பிச் சொல்லிப் பயிற்சியும் எடுத்தேன். காதில் விழுவது மூளைப் பக்கம் போகாமல் நேராக வாய்க்கு வரும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

"பதிவ முழுசா கேட்டுப் பாத்தியா லா?" என்றாள் தோழி கவிதா.

தொடக்கத்தைக் கேட்டிருந்தேன். குரல் பிரமாதமாக இருந்தது. அதற்கு மேல் கேட்பது தன்னம்பிக்கைக் குறைவு என்று விட்டுவிட்டேன்.

போட்டி அன்று நடுவர்களுக்கு வணக்கம் சொல்லி, இயர்போனை மாட்டி, ஒலியை முழுவதுமாக ஏற்றிக்கொண்டேன். மேடை அதிர ஆரம்பித்தேன்.

"மழைக்காடுகள் உலகின் நுரையீரல். அவற்றைக் காப்பது நம் ஒவ்வொருவரின் கடமை. ஆகவே, மாலதி, அரிசிய கழுவி வை. நேத்து மாதிரி கஞ்சியாக்கிடாத. உங்கப்பா பாவம், சோறுன்னு நம்பிக் குடிச்சாரு."

அது அம்மா. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். பதிவின் நடுவே அவர் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தபோது நான் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அழுத்தியதாக நினைத்தேன்.

மண்டபத்தின் சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை. வரிசை வரிசையாகப் பற்கள் மட்டும் தெரிந்தன. ரசிக்கிறார்கள் என்று குரலை இன்னும் உயர்த்தி, பதிவில் அம்மாவுக்கு நான் சொன்ன பதிலையும் ஒப்பித்தேன்.

"சும்மா இரும்மா. நாளைக்கு அந்தோணி சாரு வாயடைச்சுப் போயிருவாரு பாரு. அந்த மனுசனுக்குப் பாட்டுன்னாலே பள்ளிக்கூட மணிதான்."

முதல் வரிசையில் அந்தோணி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் மூளை விழித்துக்கொண்டது. கை இயர்போனைத் தேடியது. ஆனால் வாய் அதற்குள் அம்மாவின் பதிலையும் ஒப்பித்துவிட்டது.

"அவரு வாயி கெடக்கட்டும். நீ அரிசிய கழுவு."

இயர்போனைப் பிடுங்கிய பிறகுதான் கைத்தட்டல் கேட்டது. அப்படி ஒரு கைத்தட்டலை அந்த மண்டபம் அதற்கு முன் கண்டதில்லை.

எதிரணித் தலைவன் ரவின் எழுந்தான். "நடுவர் அவர்களே, எங்க வாதத்த அவங்களே பேசி முடிச்சிட்டாங்க," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். கோப்பை அவனுக்கு. தடை அப்படியே நீடித்தது. மறுநாள் சிற்றுண்டிச்சாலை வரிசையில் என் இடம் கடைசி.

அந்தோணி சார் திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார். "அத குடு. அம்மா வந்து வாங்கிக்கட்டும்."

அம்மா வேலை முடிந்து சீருடையோடு நேராகப் பள்ளி அலுவலகத்துக்கு வந்தார். விஷயம் எதுவும் தெரியாது. என்னவென்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"வாங்கம்மா. அரிசி கழுவியாச்சா?" என்றார் சார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சார் இயர்போனை அம்மாவிடம் கொடுத்து, பதிவை ஓடவிட்டார். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இயர்போனைக் கழற்றாமலே, அலுவலகம் முழுவதும் திரும்பிப் பார்க்கும் குரலில் தீர்ப்புச் சொன்னார்.

"சார், எங் கொரலு நல்லாத்தான் விழுந்திருக்கு."

எனக்கு இப்போது பள்ளிக்குப் போகும் மகள் இருக்கிறாள். குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் யாராவது இந்தக் கதையை எடுத்துவிடுகிறார்கள். நான் எதிர்ப்பதில்லை, நானே நடித்தும் காட்டுகிறேன். அம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு திருத்தம் சொல்வார்.

"இவ என்னமோ காடு மலைன்னு பேசுனா. ஒருத்தனும் அசையல. நான் பேசுனதுக்குத்தான் கை தட்டுனாங்க."