கிளட்சைத் தேய்த்த கால்

எங்கள் காரின் கிளட்சைத் தேய்த்தது யார் என்பதை விஞ்ஞான முறைப்படி கண்டுபிடிப்பது என்று ஒரு திங்கட்கிழமை முடிவு செய்தேன். தேய்த்தது என் மனைவிதான் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட்டேன். பாக்கி இருந்தது நிரூபணம் மட்டும்.

கொஞ்ச நாளாகவே வண்டி சரியில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் ஊரைக் கூட்டும். வண்டி மட்டும் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும். மேம்பாலத்தில் ஏறினால் ஏதோ தீய்ந்த நாற்றம் வேறு. ஒருநாள் அந்த ஏற்றத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் திரும்பிப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கே மெக்கானிக்கிடம் போனோம்.

எங்கள் மெக்கானிக்கைக் காதுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பானெட்டைத் திறக்கும் முன்பே காதைக் கொடுத்துக் கேட்டு, என்ன நோய் என்று சொல்லிவிடுவார். அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரைப் போட்டு, கிளட்சை விட்டார். நியாயமாக இன்ஜின் அணைய வேண்டும். அது நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. பிளேட் சுத்தமாகத் தேய்ந்துவிட்டது, செட்டாக மாற்ற வேண்டும், அதற்குக் கியர்பாக்ஸையே கீழே இறக்க வேண்டும் என்றார். பிறகு செலவைச் சொன்னார். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பார்த்ததற்குக் காரணம், எங்கள் அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பா. இரண்டு ஆசைகளுக்காக அதில் சேர்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி தையல்காரி. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஒன்று அவளுக்கு வேண்டும். எனக்கு ஒரு டெலஸ்கோப். சனி கிரகத்துக்கு வளையம் இருக்கிறது என்கிறார்களே, அதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். எதையும் பார்க்காமல் நம்புகிற ஜாதி இல்லை நான். கிளட்சுக்குக் கொடுத்தால் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் மிஞ்சும்.

கிளட்ச் ஏன் இப்படித் தேய்கிறது என்று காதுக்காரரிடம் கேட்டேன்.

"சில பேரு கிளட்ச்ல இருந்து காலையே எடுக்க மாட்டாங்க சார். கியர் மாத்தி முடிஞ்சப்புறமும் கால் அது மேலயே உக்காந்திருக்கும். அவங்களுக்கே தெரியாது."

எனக்குப் பொறி தட்டியது. இருபது வருஷமாகத் தையல் மிஷினை மிதிக்கிற கால் யாருடையது? கார் ஓட்டக் கற்று ஒரு வருஷம்கூட ஆகாத கால் யாருடையது? நான் பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறவன். திரும்பி வரும்போது பேச்சை மெல்ல ஆரம்பித்தேன்.

"யார் தேய்ச்சாங்களோ, அவங்க ஆசையில இருந்து போகட்டும். அதுதானே நியாயம்?"

"நியாயம்தான். யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அதை என்கிட்ட விடு."

"சரிங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதே கிடையாது. எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பொருள் வர ஒரு வாரம் ஆகும், சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவாருங்கள், அதுவரை மேட்டில் ஏற்றாதீர்கள் என்று காதுக்காரர் சொல்லியிருந்தார். ஒரு வாரம் எனக்குத் தாராளம். நான் வேலை பார்ப்பது ஒரு தொழிற்சாலையில், வருகை நேரம் பதிகிற பிரிவில். மூன்று நிமிஷம் தாமதமாக வந்துவிட்டுப் பேருந்தின் மேல் பழி போடுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. சுவரில் இருக்கும் கடிகாரத்தைக் காட்டுவேன். மனிதன் பொய் சொல்வான், கடிகாரம் சொல்லாது என்பது என் கொள்கை.

ஆகவே கடிகாரத்தையே வைத்தேன். பரணில் கிடந்த பழைய சுவர்க் கடிகாரத்தை எடுத்து, பேட்டரிக்குப் போகும் கம்பியை வெட்டினேன். அதை நீட்டி கிளட்ச் பெடலின் ரப்பர் உறைக்குள் கொண்டுபோனேன். அங்கே இரண்டு அலுமினியத் தாள், நடுவில் ஓட்டை போட்ட ஸ்பாஞ்சு. கால் பட்டால் ஸ்பாஞ்சு அமுங்கும், தாள்கள் ஒட்டும், கடிகாரம் ஓடும். காலை எடுத்தால் நின்றுவிடும். கடிகாரத்தைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு முள்ளைப் பன்னிரண்டில் வைத்தேன். எவ்வளவு நேரம் கால் கிளட்ச் மேல் இருந்தது என்பதை இனி அதுவே சொல்லும். ஸ்பாஞ்சு எங்கே கிடைத்தது என்றால், மனைவியின் தையல் பெட்டியில். கோட்டுக்குத் தோளில் வைப்பாளே, அந்தப் பட்டையில் ஒன்று. பெட்டி நிறைய இருந்தது. ஒன்று போனால் யாருக்குத் தெரியும்?

செவ்வாயும் வெள்ளியும் கார் அவளுக்கு. தைத்த சீருடைகளைக் கடைகளில் கொடுத்துவிட்டு வருவாள். அன்றெல்லாம் நான் கம்பெனி பஸ்ஸில் போவேன். செவ்வாய் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் காருக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு மணி ஆறு நிமிஷம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறாள். ஆறே நிமிஷம்தானா? கடிகாரத்தில் கோளாறு என்று முடிவுக்கு வந்தேன்.

கோளாறா இல்லையா என்று பார்க்க வேண்டாமா? புதன்கிழமை காலை முள்ளைத் திரும்பப் பன்னிரண்டில் வைத்துவிட்டு வேலைக்கு நான் ஓட்டிக்கொண்டு போனேன். நாற்பது நிமிஷப் பயணம். இறங்கியதும் குனிந்து பார்த்தேன். பன்னிரண்டு முப்பத்தெட்டு.

கொஞ்ச நேரம் அப்படியே குனிந்தபடி நின்றேன். சக ஊழியர் ஒருவர் என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டார். முள்ளைத் திருப்பி வைக்கக்கூடத் தோன்றவில்லை. வீட்டுக்குப் பஸ் பிடிக்கிறவனாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. திரும்பும்போது கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். வியாழக்கிழமை காலை மறுபடி மாட்டி, முள்ளைப் பன்னிரண்டில் வைத்து, காலைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தபடி போனேன். கவனம் முழுக்கக் காலில் இருந்ததால் ஒரு சிக்னலைத் தாண்டிவிட்டேன். அப்படியும் முப்பத்தேழு.

அசடு வழிந்தது. பன்னிரண்டு வருஷமாக என் இடது கால் எனக்கே தெரியாமல் அங்கே குடித்தனம் நடத்தியிருக்கிறது. உண்மை தெரிந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. சனி கிரகம் என் கண் முன்னாலேயே விலகிப் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் முறை. முந்தின நாள் திரும்பும்போது கழற்றிய கம்பியைக் காலையிலேயே மாட்டி, முள்ளைப் பன்னிரண்டில் வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினேன். சாயங்காலம் கடிகாரத்தைப் பார்த்தால் முள் பன்னிரண்டிலேயே நின்றது. ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. கம்பி கழன்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது. தெருவில் யாரும் இல்லை. என் கொள்கைக்கு ஒரு நாள் லீவு கொடுத்துவிட்டு, விரலால் முள்ளை நகர்த்தினேன். நாற்பத்தைந்தில் நிறுத்தினேன். பார்க்க ரொம்ப நன்றாக இருந்தது.

சனிக்கிழமை காதுக்காரரின் பட்டறையில் வைத்து விஷயத்தை உடைத்தேன். சாட்சிக்கு ஆள் வேண்டுமே. சீட்டுக்கு அடியிலிருந்து கடிகாரத்தை எடுத்து அவர் மேஜையில் வைத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று ஆதியோடந்தமாக விளக்கினேன். காதுக்காரர் அசந்துபோய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"நாப்பத்தஞ்சு நிமிஷம் கிளட்ச் மேலயே என் கால் இருந்துச்சா?"

"நான் சொல்லலம்மா. கடிகாரம் சொல்லுது."

"வெள்ளிக்கிழமைதானே? நல்லா ஞாபகம் இருக்கா?"

"எழுதியே வச்சிருக்கேன்."

அவள் கைப்பையைத் திறந்து இரண்டு பஸ் டிக்கெட்டுகளை எடுத்துக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தாள். வெள்ளிக்கிழமைத் தேதி. போக ஒன்று, வர ஒன்று.

"கடைக்குப் போற வழியில மேம்பாலம் இருக்கு. செவ்வாய்க்கிழமை போனப்பவே ஏற மாட்டேன்னு அடம் பிடிச்சுது. அண்ணன் வேற மேட்டுல ஏத்தாதீங்கன்னு சொல்லியிருந்தாரா, நேத்து நான் வண்டியையே எடுக்கல. வாசல்ல நின்ன வண்டியை நாப்பத்தஞ்சு நிமிஷம் யார் மிதிச்சாங்க?"

காதுக்காரருக்கு அவசரமாக வேறு வேலை ஞாபகம் வந்து, ஒரு டயரின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். டயர் குலுங்கியது.

அவள் நிறுத்தவில்லை. வாடிக்கையாளர் அளவுகளை எழுதுகிற நோட்டை எடுத்தாள். என் பெயர் போட்ட பக்கம். மார்பு, இடுப்பு, கை நீளம், அதற்குக் கீழே: செவ்வாய், நான், ஆறு. புதன், இவர், முப்பத்தெட்டு. வியாழன், இவர், முப்பத்தேழு. நான் குளிக்கப் போகும்போதெல்லாம் சீட்டுக்கு அடியில் பார்த்து எழுதியிருக்கிறாள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"தோள் பட்டை ஜோடியாத்தாங்க இருக்கும். ஒண்ணு மட்டும் காணோம்னா வீட்டுல வேற யார் எடுத்திருப்பா? தேடிக்கிட்டே கார் வரைக்கும் போனேன்."

புது கிளட்ச் ஏறியது. ஓவர்லாக் மிஷின் வந்து இறங்கியது. டெலஸ்கோப் படம் போட்ட காகிதம் பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் போனது. இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். அவள் கார் சாவியையும் வாங்கிக்கொண்டதுதான் தாங்கவில்லை. புது கிளட்சை ஒரு மாதத்தில் தின்றுவிடுவேனாம். கால் பழக்கத்தை விட்டால் சாவி என் கைக்கு வருமாம். அதுவரை எங்கே போனாலும் அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார வேண்டும்.

மூன்று வாரம் உட்கார்ந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அக்கா வீட்டிலிருந்து திரும்பும் வழியில், நான் முழுக்கத் திருந்திவிட்டதாகவும் என் காலை இப்போது நான் சொன்ன இடத்தில் வைக்க முடிகிறது என்றும் நீளமாக எடுத்துச் சொன்னேன். அவள் ரோட்டைப் பார்த்தபடி உம் கொட்டினாள். நாளைக்குச் சாவி கிடைத்துவிடும் என்றே தோன்றியது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் என் சீட்டுக்கு அடியில் கையை விட்டு அந்தக் கடிகாரத்தை எடுத்தாள். அதிலிருந்து ஒரு கம்பி, என் காலடி மிதியடிக்குக் கீழே போனது. மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். கிளட்ச் இருந்தால் எங்கே இருக்குமோ, சரியாக அந்த இடத்தில், நான் எடுத்த தோள் பட்டையின் ஜோடி இருந்தது.

பெடலே இல்லாத பக்கத்தில் உட்கார்ந்து நான் முப்பத்தொன்பது நிமிஷம் கிளட்ச் மிதித்திருந்தேன்.